சின்னத்திரைத் தமிழ் பிறக்கும் இடம்

தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சங்க மலரில் கட்டுரையா என்று சிலருக்குத் தோன்றும். சிலம்பும் சிந்தாமணியும் இருக்கும்போது சீரியல் எதற்கு என்று நண்பர் ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டார். பெரார்கஞ்ச் கடைத்தெருவில் முப்பது வருடத்துக்கு மேலாக மளிகைக் கல்லாவில் உட்கார்ந்து காதில் விழுந்ததை வைத்தே இதை எழுதத் துணிந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவன் உளுந்து வாங்க வந்தான். ‘உளுந்து’ என்ற சொல் அவனுக்கு வரவில்லை, ‘உடத் தால்’ என்றான். அதே பையன் வாசலில் நின்ற தங்கையிடம் திரும்பி, “இந்த வீட்ல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கா இல்லையா?” என்று கேட்டான். உளுந்து தெரியாத வாய்க்கு இந்த வாக்கியம் எப்படி வந்தது? சொல்லிக்கொடுத்தவர் யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. வங்காளியருக்கும் இந்தி பேசுவோருக்கும் அடுத்த இடம் நமக்கு. ஆனாலும் தெருமொழி இந்துஸ்தானிதான். பள்ளியில் பெரும்பாலும் இந்தியும் ஆங்கிலமும். வீட்டில் தாய் பேசும் தமிழ் நாளுக்கு ஒரு மணி நேரம் பிள்ளையின் காதில் விழுந்தாலே பெரிய விஷயம். மிச்சத் தமிழ் முழுவதும் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. அந்தப் பெட்டிக்குள் தமிழைச் செய்து போடுகிறவர்கள் யார், எந்த அவசரத்தில் செய்கிறார்கள் என்று அறிந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பு அமைந்தது. என் மைத்துனர் மகன் சென்னை சாலிகிராமத்தில் சில வருடங்கள் தொடர்களில் உதவி இயக்குநராக இருந்தான். சரக்கு எடுக்கச் சென்னை போகும்போதெல்லாம் அவனோடு ஷூட்டிங் வீடுகளில் போய் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்கிறேன், வியாபாரிக்கு அதுதான் முதலில் புரியும். சென்னைத் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அங்கே தொடர் என்றால் வழக்கமாக 13 வாரம், வாரம் ஒரு பகுதி. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி வந்தபிறகும் கொஞ்ச காலம் வாரத்தொடர்கள் கோலோச்சின. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ அந்த வகை. எழுத வாரம் முழுக்க நேரம் இருந்தது. அது அதன் வசனத்தில் தெரியும். 1999-இல் ‘சித்தி’ வந்து, 2002-இல் ‘மெட்டி ஒலி’யும் 2003-இல் ‘கோலங்க’ளும் வந்த காலத்தில் நாள்தொடர் என்பது நிலைத்துவிட்டது. ‘கோலங்கள்’ 2009 வரை ஓடி 1500 பகுதிகளைத் தாண்டியது.

நாள்தொடர் என்றால் என்ன பொருள்? அரைமணி நேரத்தில் விளம்பரத்தைக் கழித்தால் ஏறக்குறைய 22 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 110 நிமிடம். சுமாரான சினிமாப் படம் ஒன்றின் நீளம். சினிமாவுக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் அதை வாரா வாரம் முடித்துக் கொடுக்க வேண்டும். இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. தயாரிப்பாளர் நிலையத்திடம் நேரத்தை விலைக்கு எடுத்து, தமக்கென ஒதுக்கப்பட்ட விளம்பர நிமிடங்களைத் தாமே விற்றுச் செலவைத் தேற்றிக்கொள்வது சன் தொலைக்காட்சியில் நெடுநாள் இருந்த முறை. கடை வாடகை மாதிரிதான். கடையைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் நஷ்டம் எவ்வளவு என்று அங்கே டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.

இந்த நெருக்கடி தமிழை என்ன செய்கிறது என்பதுதான் என் பேச்சு. காலையில் யூனிட் வந்து லைட் போட ஆரம்பித்தபிறகுதான் பல நாள் ‘சீன் பேப்பர்’ வந்து சேரும். வசனகர்த்தா வேறொரு இடத்தில் உட்கார்ந்து எழுதி அனுப்பிக்கொண்டே இருப்பார். நடிகர்களுக்கு மனப்பாடம் பண்ண நேரம் ஏது? கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்வார். கேட்டு நடிகர் பேசுவார். ‘பிராம்ப்டிங்’ என்று பெயர். பழைய நாடகக் கம்பெனிகளில் படுதாவுக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொடுத்தவர் செய்ததே இது. ஆனால் அவர் மறந்தபோது மட்டும் எடுத்துக் கொடுப்பார். இவர் முழுவதையும் கொடுக்கிறார். நடிகை கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்தவராக இருந்தால் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு உதட்டை அசைப்பார். பிறகு டப்பிங் அறையில் வேறொரு பெண்மணி அந்த வாய்க்குக் குரல் கொடுப்பார். ஆக, திரையில் அழும் ஒரு மருமகளின் ஒரு வாக்கியத்துக்கு எழுதியவர், எடுத்துக்கொடுத்தவர், வாயசைத்தவர், பேசியவர் என்று நான்கு பேர். நமக்குத் தெரிந்த முகம் ஒன்று.

பிராம்ப்டிங்கில் நீண்ட வாக்கியம் நிற்காது. தமிழின் அழகு வினையெச்சம் அல்லவா? ‘நேத்து சாயங்காலம் கடைக்குப் போய், அவரைப் பார்த்து, விஷயத்தைச் சொல்லிட்டு, திரும்பி வர்றப்ப மழை பிடிச்சுக்கிட்டதால அங்கேயே ஒதுங்கி நின்னேன்’ என்று எங்கள் வடாற்காட்டுப் பாட்டிமார் ஒரே மூச்சில் சொல்வார்கள். வாக்கியம் முடியும் வரை வினைமுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதை ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டுப் பேச முடியாது. ஆகவே தொடரில் அது ‘நேத்து கடைக்குப் போனேன். அவரைப் பார்த்தேன். சொல்லிட்டேன். மழை வந்துச்சு’ என்று நான்காக உடையும். நடுவில் ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். இயக்குநருக்கு நிமிடமும் நிரம்பும்.

தமிழாசிரியர்கள் இதைக் குறை சொல்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மொழி கற்கும் பிள்ளைக்குச் சின்ன வாக்கியம்தான் வேண்டும். தொடரில் ஒரே செய்தியை மூன்று பேரிடம் மூன்று முறை சொல்வார்கள். நேற்றுப் பார்க்காதவருக்காக இன்று மறுபடி சொல்வார்கள். பெயர் சொல்லி விளித்துத்தான் பேசுவார்கள், ஏனென்றால் பார்க்கிறவர் பாதி நேரம் அடுப்படியில் நின்று காதால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். சென்னைக்காரருக்கு அலுப்புத் தட்டும் இதெல்லாம் பெரார்கஞ்ச் பிள்ளைக்குப் பாடமாகிறது. மரியாதைப் பன்மை எப்போது, ஒருமை எப்போது, ‘வாங்க’ என்பதற்கும் ‘வா’ என்பதற்கும் இடையில் எத்தனை மனத்தாங்கல் இருக்கிறது என்பதை எந்த வாசகப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்காது.

அப்படியானால் உளுந்து ஏன் வரவில்லை? அதற்கும் பதில் ஷூட்டிங் வீட்டில்தான் இருக்கிறது. சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் வாடகைக்கு விடவே சில பங்களாக்கள் உண்டு. ஒரே வீட்டில் கீழே ஒரு குடும்பம், மாடியில் வில்லி வீடு, பின்கட்டில் ஆஸ்பத்திரி வார்டு. வெளியே போனால் அனுமதி, வேடிக்கை பார்க்கும் கூட்டம், வெயில் மாறுவது, ஹாரன் சத்தம், வேன் வாடகை எல்லாம் சேரும். வீட்டுக்குள் இருந்தால் ஒரே நாளில் ஹால் காட்சிகளை நான்கு பகுதிக்குச் சேர்த்து எடுத்துவிடலாம். எந்தப் பகுதியில் எந்தப் புடவை, பொட்டு எந்தப் பக்கம், கையில் கட்டு இருந்ததா என்று நோட்டுப் போட்டுக் குறிக்க ‘கன்டினியூட்டி’ பார்க்கும் பையன் ஒருவன் இருப்பான். அவன் குறிப்பு தப்பினால் காலையில் நெற்றியில் அடிபட்டவர் சாயங்காலம் சுகமாகிவிடுவார். இப்படி ஹாலிலும் படுக்கையறையிலும் கதை நடப்பதால் ஹாலுக்குரிய சொற்களே வருகின்றன. சம்பந்தி, சீர்வரிசை, சொத்து, டிஸ்சார்ஜ், வாரண்ட் எல்லாம் வரும். உளுந்து, களம், வரப்பு, மடை, படி, மரக்கால் வராது. அடுப்படி வந்தாலும் அங்கே சமையல் நடப்பதில்லை, சதி நடக்கிறது. பிள்ளையின் சொல்வளம் தயாரிப்பாளரின் வேன் வாடகையோடு கட்டுப்பட்டிருக்கிறது என்று நான் சொன்னால் மிகையாகாது.

வெளியே போனவர்கள் இல்லாமல் இல்லை. ‘மெட்டி ஒலி’ எடுத்த திருமுருகன், பிறகு ‘நாதஸ்வரம்’ தொடரைக் காரைக்குடிப் பக்கம் கொண்டுபோனார். தெரு, திண்ணை, கோயில், மேளக்காரர் வீடு என்று அதில் சொற்களும் மாறின. அதன் 1000-ஆவது பகுதி 2014 மார்ச் 5-இல் 23 நிமிடத்துக்கும் மேலாக ஒரே ஷாட்டில் நேரலையாகவே ஒளிபரப்பாகி, கின்னஸ் பதிவிலும் ஏறியது. வெட்டி ஒட்ட முடியாது, பின்னால் குரல் சேர்க்க முடியாது. மேக்கப்மேன், லைட்மேன், ஒலிப்பதிவாளர், வயர் இழுப்பவர் என்று அத்தனை பேரும் கேமரா திரும்பும் திசைக்கு எதிர்த்திசையில் ஓடி ஒளிந்துகொண்டே வேலை பார்த்தாக வேண்டும். ‘மெட்டி ஒலி’யின் வசனம் நன்றாக இருந்ததற்கும் காரணம் உண்டு. எழுதியவர் பாஸ்கர் சக்தி, சிறுகதை எழுத்தாளர். மக்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டவர். ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்ற அந்தத் தகப்பனாரின் பேச்சு இன்றும் நம் வீடுகளில் நினைவிருக்கிறது. எழுதியவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

திரைக்குப் பின்னால் எத்தனை பேர் என்பதை 2020-இல் அரசாங்கமே கணக்கெடுத்துக் காட்டிய மாதிரி ஆயிற்று. கொரோனாவால் மார்ச் 19 முதல் படப்பிடிப்பு நின்றது. கையிருப்புப் பகுதிகள் கொஞ்ச நாளிலேயே தீர்ந்து, சானல்கள் பழைய தொடர்களைத் தேடி எடுத்தன. ‘மெட்டி ஒலி’ மறுபடி வந்தது அப்போதுதான். தூர்தர்ஷன் ‘ராமாயண’த்தை எடுத்துப் போட்டது. தினமும் உழைக்கும் கை நின்றால் தினத்தொடர் சில நாள்கூடத் தாங்காது என்பது தெரிந்தது. மே மாதம் தமிழ்நாடு அரசு, உள்ளரங்கில் 20 பேரை மட்டும் வைத்து எடுக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. முடியாது என்று தொழிலாளர் சம்மேளனமான பெப்சி சொன்னது. மாத இறுதியில் 60 பேர் என்று உயர்த்தினார்கள். ஒரு ஹாலில் இரண்டு பேர் நின்று பேசும் காட்சிக்கு 20 பேர் போதாது! இந்த விவரத்தைப் படித்தபோது எனக்கு மைத்துனர் மகன் ஞாபகம்தான் வந்தது. அவன் அந்த 60-இல் ஒருவனாக இருந்தவன். தினக்கூலி மாதிரிதான் சம்பளம். முதல் 20-இல் அவனைச் சேர்த்திருப்பார்களா என்று அவனிடமே கேட்டேன். “பிராம்ப்ட் பண்ண ஆள் இல்லாம எப்படி மாமா சீன் எடுப்பாங்க?” என்றான்.

நம் தீவையே களமாக வைத்து ஒரு தொடர் வந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 அக்டோபர் 18-இல் நெட்பிளிக்ஸில் வெளியான இந்தித் தொடர் ‘காலாபானி’. ஏழு பகுதிகள். சமீர் சக்சேனாவும் அமித் கோலானியும் இயக்கியது. 2027-இல் இத்தீவுகளில் ஒரு கொள்ளைநோய் பரவுவதாகக் கதை. ஷூட்டிங் வீட்டில் தெரியாத பின்வேலை இங்கே தெரியும். சென்னையிலிருந்து கப்பலில் சரக்கு வர இரண்டரை மூன்று நாள் என்பது மளிகைக்காரனான எனக்கு மனப்பாடம். ஒரு விளக்கு உடைந்தால் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுக்க முடியாது. ஐந்தரைக்கெல்லாம் நமக்குப் பொழுது சாய்ந்துவிடும். மே தொடங்கி மாதக்கணக்கில் மழை.

அதைவிடப் பெரிய வேலி ஒன்று நம் பெரார்கஞ்ச் தாலுகாவுக்குள்ளேயே இருக்கிறது. டிரங்க் ரோட்டில் வடக்கே போனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அதற்கப்பால் ஜாரவாக்கள் வாழும் ஒதுக்குக்காடு. வண்டிகள் கூட்டமாகக் காவலோடுதான் போகும். படம் எடுக்கக் கூடாது. 1956-ஆம் வருடத்திய பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. ஆகவே ‘காலாபானி’யில் வரும் ஒராக்கா என்ற குடி கற்பனை. இல்லாத ஒரு மக்களுக்கு உடை, பேச்சு, நடை எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது. நல்லதுதான். கொல்லாமையைப் பெரிதாகச் சொல்லும் சமயத்தில் பிறந்தவன் நான். நம் ஊசி மருந்தும் நம் கேமராவும் அந்தக் காட்டுக்குள் ஒரே மாதிரி ஆபத்துத்தான் என்று நினைக்கிறேன். சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தபிறகு நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்ப்பது கூடிவிட்டது. அதில் ஒரு பங்கு இந்தியிலிருந்து தமிழுக்கு மாற்றியது. இது புதிதல்ல. ராஜ் தொலைக்காட்சியில் ‘மண் வாசனை’யும் விஜய்யில் ‘என் கணவன் என் தோழ’னும் இந்திக் கதைகள் தமிழ் பேசியவைதாம். இந்தத் தமிழ் செயற்கையாக இருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டால் நம் பவணந்தி முனிவரிடம்தான் போக வேண்டும். பகரமும் மகரமும் மேலிதழும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும் என்றும், வகரம் மேற்பல் கீழிதழைத் தொடப் பிறக்கும் என்றும் நன்னூல் எழுத்தியலில் வகுத்துச் சொல்லியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இந்த இலக்கணம்தான் டப்பிங் எழுதுகிறவரின் அன்றாடத் தொழில், அவர் நன்னூலைத் தொட்டிருக்காவிட்டாலும்.

திரையில் முகம் பெரிதாக இருக்கும்போது இந்தி வாய் மூடினால் தமிழ் வாயும் மூட வேண்டும். ‘மா’ என்பதற்கு ‘அம்மா’ பழுதில்லாமல் உட்காரும். ‘நஹீ’ என்பதற்கு ‘இல்ல’, அதுவும் சரி, இரண்டிலும் இதழ் ஒட்டவில்லை. ‘ஹா’ என்று அவர் வாயைத் திறந்தே வைத்திருக்கும்போது ‘ஆமா’ என்று எழுதினால் மகரத்தில் உதடு ஒட்ட வேண்டும், திரையில் ஒட்டாது. ‘சரி’ என்றோ ‘ஆங்’ என்றோ மாற்றுகிறார்கள். ‘பேட்டா’ என்று உதட்டை மூடித் திறந்தால் நாம் சொல்லும் ‘கண்ணு’ பொருந்தாது. ‘மகனே’ பொருந்தும். எந்தத் தமிழ்த் தாய் பிள்ளையை ‘மகனே’ என்று கூப்பிட்டுச் சோறு போடுகிறாள் என்று நாம் சிரிக்கிறோம். உதடு ஒட்டத்தான் அந்த மகரம் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. இதழ் ஒட்டாமல் பாடும் நிரோட்டகம் என்று சித்திரகவியில் ஒரு வகை உண்டு. புலவர்கள் வித்தையாகப் பாடினார்கள். இவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு அதைத் தினம் எழுதுகிறார்கள்.

உதட்டை விடச் சிக்கல் உறவு. வடக்கே மாமன் மகள் தங்கை முறை. நாயகன் அவளை வாஞ்சையாகக் கூப்பிட்டால் அங்கே ஒரு சலனமும் இல்லை. தமிழில் ‘மாமா பொண்ணு’ என்று எழுதிவிட்டால் பார்க்கிறவர் மனதில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும், அவள் முறைப்பெண் ஆயிற்றே! ‘தங்கச்சி’ என்று போட்டால் மாமாவுக்கு மகள் எப்படித் தங்கச்சி ஆவாள் என்ற குழப்பம். தப்பிக்க ஒரே வழி, உறவைச் சொல்லாமல் பெயரைச் சொல்வது. டப்பிங் தொடர்களில் உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் வெறும் பெயரால் அதிகம் அழைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக எனக்குப் படுகிறது. சென்னைப் பிள்ளைக்கு இதனால் நஷ்டம் இல்லை, முறை சொல்ல வீட்டில் பத்துப் பேர் இருக்கிறார்கள். பாட்டியும் அத்தையும் கப்பலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் பிள்ளைக்கு ‘அத்தான்’, ‘கொழுந்தியா’, ‘நாத்தனார்’ என்ற சொற்கள் தமிழிலேயே எடுத்த தொடரில்தான் கிடைக்கும், மாற்றியதில் கிடைக்காது.

நம் தீவுப் பிள்ளைகளிடம் வேறு எங்கும் இல்லாத ஒரு வேடிக்கையும் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி டப்பிங் தொடர் பார்த்துக்கொண்டே, “தாத்தா, அவங்க வாய் ‘முஜே மாஃப் கரோ’ங்குது, சத்தம் ‘என்னை மன்னிச்சிடு’ங்குது” என்றாள். காதில் தமிழ், கண்ணில் இந்தி. இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைக்கு அந்த மறைவான எழுத்தாளர் செய்த வேலை கண்ணாடிக்குள் தெரிவது போலத் தெரிகிறது. எந்த இடத்தில் பொருந்தியது, எங்கே நழுவியது என்று அவளே சொல்கிறாள். தமிழ்நாட்டில் இந்தி அறியாமல் பார்க்கும் வீட்டில் இது நடக்காது.

எங்கள் சமணக் குடும்பங்களில் சாத்திர தானம் என்று ஒரு வழக்கம் இருந்தது. காசு கொடுத்து ஏடு எழுதுவித்து மடத்துக்கோ ஜினாலயத்துக்கோ கொடுப்பார்கள். எழுதியவர் பெயரும் ஊரும் முடித்த நாளும் கடைசி ஓலையில் இருப்பதுண்டு. உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது அப்படிப் பெயர் தெரிந்தும் தெரியாமலும் போன கைகளின் புண்ணியத்தில்தான். தொடர்களில் அந்தக் கடைசி ஓலை, பகுதி முடிந்ததும் ஓடும் எழுத்து வரிசை. சானல்களில் அதை வேகமாக ஓட்டி, பாதித் திரையில் அடுத்த நிகழ்ச்சியின் விளம்பரத்தைப் போடுகிறார்கள். கைப்பேசியில் அடுத்த பகுதி சில வினாடியில் தானே தொடங்கிவிடும். அதற்குள் பெயர்களைப் பார்க்கச் சொல்லும் பொத்தானை அழுத்தினால் வரிசை முழுதும் ஓடும். டப்பிங் செய்த தொடராக இருந்தால் மூலத் தொடரின் பெயர்களெல்லாம் முடிந்தபிறகு, தமிழ் வசனம் எழுதியவரும் குரல் கொடுத்தவர்களும் பல நேரம் தனி அட்டையில் வருவார்கள். அந்தச் சிறுமியின் வீட்டில் இப்போது அதுவரை அணைப்பதில்லை. ஆங்கில எழுத்தில் வரும் அந்தப் பெயர்களை அவள் தமிழில் எழுத்துக்கூட்டி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். றகரமா ரகரமா என்று சந்தேகம் வந்தால் கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போகிறாள்.